சேற்றில் யார் இறங்குவது?

மழைக்காலம் நெருங்கினால் வாட்ஸாப்பில் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது. வற்றிப்போன ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் ஒரு கல்தொட்டி. குமிழித் தூம்பு. தொட்டியின் மேல்பக்கத் துளை நீரோடி, கீழ்ப்பக்கத் துளைகள் சேறோடி என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். மேலே உள்ள அடைப்பைத் தூக்கினால் நீர் சுழன்று இறங்கும். அந்த இழுவையில் அடியில் படிந்த வண்டலும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். இரண்டும் கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போய்விடும். விளக்கத்துக்குக் கீழே அந்த வாக்கியம்: 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல.' இன்ஸ்டாகிராமில் இதுவே சோகமான புல்லாங்குழல் இசையோடு ரீல்ஸாக வரும். இதய எமோஜிகள் ஆயிரக்கணக்கில் விழும்.

முன்னோர்கள் முட்டாள்கள் என்று யார் சொன்னது? எனக்குத் தெரிந்து ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கல்தொட்டியின் பொறியியல் மேலும் எனக்குச் சந்தேகமில்லை. என் பிரச்சினை வேறு. அந்த அடைப்பைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். ஏரி நிறைந்து கிடக்கும் ஐப்பசி கார்த்திகையில், சில நேரம் இருட்டில், அந்தத் தூண் வரைக்கும் நீந்திப் போய் மூழ்கித் தூக்கவேண்டும். படத்தில் அந்த ஆள் இல்லை.

இல்லை, ஒரு கதையில் இருக்கிறார். அதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். உடையும் நிலையில் இருக்கும் ஏரியில் உயிரைப் பணயம் வைத்து மூழ்கி மடையைத் திறந்த வீரனுக்கு 'மடையன்' என்று பெயராம். அந்த உன்னதமான சொல்லை நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோமாம். கேட்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் முட்டாளைக் குறிக்கும் மடையன், மடம், மடமை என்ற பழைய சொற்களின் குடும்பம். அறியாமை என்பது அவற்றின் பொருள். மடை என்பதற்குச் சமையல் என்றும் ஒரு பொருள் உண்டு, அந்த வழியில் மடையன் என்றால் சமையல்காரன். அகராதியைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துபோகும். சொல்லாராய்ச்சி தப்பாக இருப்பதுகூட எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அந்தக் கதை செய்கிற வேலைதான் உறுத்துகிறது. மூழ்கியவரை வீரன் ஆக்குகிறது, ஒரு சொல்லுக்காகக் கண்ணீர் விடுகிறது, அவருக்கு என்ன கூலி கிடைத்தது, அவர் வீடு ஊரின் எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் கேட்காமல் நழுவிவிடுகிறது.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். எங்களுக்கு ஏரி என்பது கண்மாய். கண்மாயில் நீரைக் கையாண்டவருக்கு நீர்ப்பாய்ச்சி என்று பெயர். வடக்கே நீர்க்கட்டி, கம்புகட்டி என்பார்கள். தெற்கே இறங்கினால் மடைக்குடும்பர், நீராணிக்கர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். அதை முழுசாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பாரம்பரிய நீர் மேலாண்மை என்று மூன்று சொல்லில் நாம் கடந்துபோவது உண்மையில் இந்த வேலையைத்தான்.

மழைக்கு முன்னால் வரத்துக்கால் முழுக்க நடந்து, எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே முள் அடைத்திருக்கிறது என்று பார்ப்பது. கரையில் எலிவளை, நண்டுவளை தேடி அடைப்பது. மழை இறங்கிவிட்டால் இரவெல்லாம் கரையில் கிடப்பது. கசிவு கண்டால் ஊரைக் கூப்பிடுவது. கலுங்கில் பலகை போடுவதா எடுப்பதா என்று பார்ப்பது. கண்மாய் நிறைந்தபின் எந்த மடையை எத்தனை நாள் திறக்கலாம் என்ற கணக்கு. பிறகு வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவது. தலைமடைக்காரர் தூங்கும்போது கடைமடைக்குத் தண்ணீர் போகவேண்டும், கடைமடைக்காரர் சத்தம் போடும்போது தலைமடைக்காரரின் வரப்பு வெட்டுப்படாமல் இருக்கவேண்டும். தை மாதம் தண்ணீர் குறைந்து, கதிர் பால்பிடிக்கும் நேரத்தில், யாருடைய வயல் பிழைக்கும், யாருடையது காயும் என்கிற முடிவில் பாதி அவர் மண்வெட்டியில் இருந்தது. நிலம் அளக்கிற கர்ணத்துக்கே அவ்வளவு துல்லியமாக அந்த ஆயக்கட்டு தெரிந்திருக்காது.

இதற்கான கூலி அறுவடையின்போது களத்தில் கிடைக்கும். இத்தனை கதிர்க்கட்டு, இத்தனை மரக்கால் நெல் என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறும். சில இடங்களில் மானிய நிலம் கொஞ்சம். விளையாத வருடம் கூலியும் இல்லை. இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். தந்தைக்குப் பின் மகன் என்று வந்த வேலை. பெருமையாகச் சொல்லப்படும் இன்னொரு செய்தியும் உண்டு: நீர்ப்பாய்ச்சிக்கு ஆயக்கட்டில் நிலம் இருக்காது, அதனால் அவர் பாரபட்சம் காட்டமாட்டார், என்னே நம் முன்னோரின் தொலைநோக்கு! நிலம் இல்லாமல் வைத்ததையே நிர்வாகத் திறமை ஆக்கிவிட்டோம். தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டைப் பட்டினியின் விளிம்பில் நிறுத்திவிட்டு, அதனால் அவர்கள் நடுநிலையாக இருந்தார்கள் என்று மெச்சிக்கொள்வது கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

எங்கள் பக்கத்தில் கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிப்பதற்கு. கண்மாய்த் தண்ணீர் முழுவதும் நீர்ப்பாய்ச்சியின் கை வழியாகப் போகும். பல ஊர்களில் அதே கை ஊருணியில் குடம் முக்க முடியாது. ஊர்ப் பள்ளிக்கூடப் பையன்கள் அறுபது வயது நீர்ப்பாய்ச்சியை ஒருமையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் பதிலுக்கு 'சொல்லுங்க தம்பி' என்பார். இதை ஏதோ சங்ககாலச் செய்தி மாதிரி நான் சொல்லவில்லை, என் அப்பா பார்த்தது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். முன்னோர் புகழ் பாடுகிறவர்கள் அடுத்து எடுத்து வைப்பது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. குடவோலை, வாரியங்கள், அதில் ஏரி வாரியத்துக்கு 6 பேர். பள்ளிப் பாடத்திலிருந்து பாராளுமன்றப் பேச்சுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கல்வெட்டில் வாரியத்துக்கு நிற்கத் தகுதியும் வெட்டப்பட்டிருக்கிறது: வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, மந்திர பிராமணம் கற்றிருக்கவேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் வேதம் ஒன்றும் பாஷ்யம் ஒன்றும் கற்றவராக இருந்தால் போதும். அது ஒரு பிரம்மதேய ஊர். அந்த ஊரின் பெரிய ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று ஒரு பல்லவ அரசனின் பட்டப்பெயர். வாரியத்தில் உட்கார்ந்தவர் எப்பேர்ப்பட்டவர், ஏரிக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. தூர்வாரியவர் பெயரைக் கல்லில் தேடாதீர்கள். ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கி அதன் வருமானத்தில் ஏரியைப் பராமரித்தார்கள் என்பது உண்மை, நல்ல ஏற்பாடுதான். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள் யார் பேசலாம், யார் சுமக்கவேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது என்கிறேன்.

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதை எனக்குப் பிடித்தமானது. 1790களில் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழையில் ஏரிக்கரை உடையப்போகிறது என்று இரவில் பார்க்கப் போகிறார். கரைமேல் இரண்டு பேர் வில்லும் அம்புமாக நின்று காவல் காக்கிறார்கள். ராமனும் இலக்குவனும். கரை நின்றது, கலெக்டர் மெய்சிலிர்த்துக் கோயிலில் திருப்பணி செய்தார் என்று கதை. ஒரு பக்திக் கதையாக அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட மழை இரவில் தமிழ்நாட்டின் எந்த ஏரிக்கரையிலும் நிச்சயமாக இரண்டு பேர் நின்றிருப்பார்கள். வில் இருந்திருக்காது, மண்வெட்டி இருந்திருக்கும். புகழ் கடவுளுக்கும் கும்பினிக்கும் பாதிப் பாதியாகப் போய்விட்டது.

கன்னடத்தில் 'கெரெகெ ஹாரா' என்று ஒரு நாட்டுப்புறக் கதைப்பாடல் உண்டு. வெட்டிய ஏரியில் நீர் ஊறவில்லை, ஊர்த்தலைவர் வீட்டு இளைய மருமகள் பாகீரதியைப் பலிகொடுக்கிறார்கள். ஏரி யாரையாவது தின்றுதான் நிறையும் என்பது அன்றைய மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் இதய எமோஜி போடுகிறோம்.

அடுத்தது 'குடிமராமத்து'. ஆயிரமாண்டுத் தமிழ் மரபு என்று மேடையில் முழங்கப்படும் இந்தச் சொல்லின் பின்பாதி, பாரசீகம் வழியாக வந்த அரபுச் சொல். மராமத்து என்றால் பழுதுபார்ப்பது. அது ஒரு குற்றமில்லை, தமிழ் எத்தனையோ சொற்களைத் தனதாக்கியிருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், ஊர் மக்கள் தாங்களாகவே மனமுவந்து இலவசமாக ஏரியைச் செப்பனிடுவது தொன்றுதொட்ட வழக்கம் என்ற சித்திரத்தை மிகுந்த ஆர்வத்தோடு எழுதி வைத்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். காரணம் எளிது. வழக்கம் என்று நிறுவிவிட்டால் சர்க்கார் செலவு செய்யவேண்டாம். அந்த மனமுவந்த வழக்கம் நடக்காதபோது 1858இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். கரை உடையும் ஆபத்து என்றால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பின் உடல்வலு உள்ள ஆண்களை வேலைக்கு இழுக்கலாம். உழைக்கும் வகுப்பு! ஆயக்கட்டில் நிலம் உள்ளவர், கரை உடைந்தால் நஷ்டப்படுகிறவர் என்று அது பார்க்கவில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து டேவிட் மோஸ் எழுதிய 'தி ரூல் ஆஃப் வாட்டர்' (2003) இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. கண்மாய் ஒருபோதும் அரசியலுக்கு வெளியே, ஊர் ஒற்றுமையின் நிழலில் இயங்கியதில்லை. ராஜாவும் ஜமீனும் கோயில் மரியாதையும் சாதியும் சேர்ந்து ஓட்டிய எந்திரம் அது.

இவ்வளவும் சொல்வது, கண்மாய் வேண்டாம் என்பதற்காக இல்லை. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி கண்மாய்கள் கணக்கில் இருக்கின்றன. ஆற்றுப்பாசனம் எட்டாத எங்களைப் போன்ற வானம் பார்த்த பூமிக்கு வேறு நாதி கிடையாது. அவை ஏன் நாசமாகின என்ற கேள்விக்கு நாம் பொய்யான பதிலை வைத்துக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் நம் தீர்வுகளும் பொய்யாக இருக்கின்றன. 'நாம் மறந்துவிட்டோம்' என்பதுதான் அந்தப் பொய்யான பதில். மறதிக்கு மருந்து நினைவூட்டல், ஆகவே ரீல்ஸ், ஆகவே விழிப்புணர்வுப் பேரணி. ஆனால் நீர்ப்பாய்ச்சிக் குடும்பங்களில் எவரும் எதையும் மறக்கவில்லை. அவர்கள் அந்த வேலையை மறுத்தார்கள்.

எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்தது. கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சியவரின் மூத்த மகன் எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கண்மாய் பற்றிப் பேச்சு வந்தது. 'எந்த மடை எந்த வயலுக்குன்னு இன்னும் ஞாபகம் இருக்காண்ணே?' என்று கேட்டேன். எட்டு மடைப்பாசனத்தையும் கையை நீட்டி நீட்டிச் சொன்னார். 'அப்புறம் ஏன் அப்பாவோட விட்டுட்டீங்க?' என்றேன்.

'நீங்க களத்துல நின்னு நெல்லு வாங்கியிருக்கீங்களா தம்பி?' என்றார். 'நான் நின்னுருக்கேன். எங்கப்பா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஒவ்வொரு களமாப் போயி நிப்பாரு. பதரு நெல்லாப் பாத்து அளந்து போடுவாங்க. பன்னெண்டு வயசுல, இந்தக் கையால இனி மடை தொறக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.'

இதற்குப் பெயர் மறதியா? தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தலித்துகள் பறையடிக்க மறுத்தார்கள், செத்த மாட்டைத் தூக்க மறுத்தார்கள், சாவுச்செய்தி சொல்லப் போக மறுத்தார்கள். அதை நாம் சுயமரியாதை என்று சரியாகவே கொண்டாடுகிறோம். அதே கை நீர்ப்பாய்ச்சி வேலையை விட்டபோது மட்டும் அதற்கு 'பாரம்பரிய அறிவு அழிந்தது' என்று ஒப்பாரி வைக்கிறோம். அழிந்தது ஒரு அடிமை ஏற்பாடு. அதன் இடத்தில் மரியாதையான வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவர நிலம் உள்ளவர்களுக்கும் மனமில்லை, அரசுக்கும் மனமில்லை. கண்மாய் செத்தது அந்த இடைவெளியில்.

மற்ற காரணங்கள் இல்லாமல் இல்லை. வசதியுள்ளவர் கிணறு வெட்டினார், பிறகு போர் போட்டார், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மின்சாரம் இலவசமானது. மோட்டார் உள்ளவருக்குக் கண்மாய்க் கூட்டத்துக்கு வரவேண்டிய அவசியம் போய்விட்டது. மடையைத் திறக்காமல் நீரைத் தேக்கிவைத்தால் தன் கிணறு ஊறும் என்று மடையை மூடச் சொன்னவர்களையும் எனக்குத் தெரியும். 1981இல் சுவீடன் உதவியோடு வந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய்க்குள்ளேயே வரிசை வரிசையாகக் கருவேல மரம் நட்டார்கள். இதுவும் சுற்றுச்சூழல் நலம் என்ற பெயரில்தான் நடந்தது. நீர் தேங்கும் இடத்தில் மரம் வளர்த்து அதை ஏலம் விடுவதற்குப் பெயர் பசுமை.

இப்போது நடக்கும் 'மீட்பு' வேலைகளைப் பாருங்கள். 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டம் திரும்பத் தொடங்கப்பட்டது, முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். பெயரில் குடி இருந்தது. களத்தில் பெரும்பாலும் ஜேசிபி இருந்தது. ஏரிக்குள் சாலைக்கு மண் வேண்டுகிறவர்களும் செங்கல் சூளைக்காரர்களும் கிண்ணம் மாதிரி ஆழமாகத் தோண்டிவிட்டுப் போகிறார்கள். கண்மாயின் தரை மடையை நோக்கிச் சரியவேண்டும். நடுவில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் அங்கேயே நிற்கும், மடை ஏறாது. இதைத் தெரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் வேண்டாம், ஒரு பழைய நீர்ப்பாய்ச்சியிடம் கேட்டால் போதும். கேட்க ஆளில்லை.

நகரத்தில் இன்னும் அழகாக நடக்கிறது. ஏரியைச் சுற்றி நடைபாதை, கம்பிவேலி, நடுவில் பறவைகளுக்கென்று ஒரு மண்திட்டு, 'ஐ லவ்' என்று தொடங்கும் ஒளிரும் பலகை. சனிக்கிழமை காலை தன்னார்வலர்கள் டீஷர்ட்டோடு வருவார்கள். அப்படியொரு தூய்மைப் பணிக்கு நானும் போயிருக்கிறேன். கரையோரப் பிளாஸ்டிக் பாட்டில்களை நாங்கள் கையுறை போட்டுப் பொறுக்கினோம். எட்டரை மணிக்குக் குழுப் படம், ஒன்பது மணிக்கு இட்லி பொங்கல். சாக்கடை கலக்கும் மூலையில் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட இடுப்பளவுக் கழிவில் இறங்கியவர்கள் நான்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்கு டீஷர்ட் இல்லை, படத்திலும் இல்லை. ஏற்பாட்டாளரிடம் இதைச் சொன்னபோது, 'அவங்க ப்ரொஃபஷனல்ஸ், அவங்களுக்குப் பழக்கம்' என்றார். நல்ல பையன்தான் அவன், உண்மையான அக்கறையோடு வேலை செய்கிறவன். அந்தப் பதில் வந்த வேகம்தான் எனக்குக் கவலை. குமிழித் தூம்பு ரீலுக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவே ஆயிரம் வருடம் நகரவே இல்லை.

ஆக்கிரமிப்பு விஷயத்துக்கு வந்தால் கதை இன்னும் கேவலம். சென்னையின் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரிக் கண்மாயில். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று என்று அங்கிருந்துதான் தீர்ப்புகள் வருகின்றன. தீர்ப்புகளில் தவறில்லை, அவை அமலாகும் திசையைத்தான் பார்க்கவேண்டும். பள்ளிக்கரணை ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் சதுப்பு. குப்பைக்கிடங்கும் மென்பொருள் வளாகங்களும் அடுக்குமாடிகளும் போக, 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது 317 ஹெக்டேர். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளின் குடிசைகளை நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று இடித்து அம்மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே சதுப்பின் தெற்கு ஓரத்தில். ஆற்றைக் காப்பாற்ற ஏழைகளைத் தூக்கிச் சதுப்பில் போட்டாயிற்று. கண்ணாடிக் கட்டடங்களுக்கு யாரும் புல்டோசர் அனுப்பவில்லை. அந்த வெள்ளம் வடிந்ததும் நகரத்தின் நாற்றத்தை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? ஏரியில் வீடு கட்டியவர் ஒருவர், அந்த ஏரி திரும்பி வந்தபோது சேற்றில் இறங்கியவர் இன்னொருவர்.

'எல்லாத்துலயும் சாதியை இழுக்காதீங்க சார், இது இயற்கை சம்பந்தப்பட்ட விஷயம்' என்று ஒரு கருத்து வரும் என்று தெரியும். இழுப்பது நானில்லை. சாதி கண்மாய்க்குள் கரை போட்ட அன்றே இருக்கிறது. அதைப் பேசாமல் கண்மாயை மட்டும் தனியாக மீட்டெடுக்க முயன்று பார்த்தாயிற்று. பணம் போனது, மண் போனது, தண்ணீர் நிற்கவில்லை.

இதற்கு நேரெதிர் அணியில் இருப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 'ஏரிப்பாசனமே நிலப்பிரபுத்துவம், போர்வெல்தான் விடுதலை' என்று பேசும் நண்பர்கள். போர்வெல் யாரை விடுவித்தது? ஆயிரம் அடி போட வசதியுள்ளவரை. நீர்மட்டம் இறங்க இறங்க முதலில் காய்ந்தது காலனியின் அடிபம்புதான். கண்மாய் நிறைந்தால் மட்டுமே காலனிக் கிணறு ஊறும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே கண்மாய் வேண்டும். பழைய நிபந்தனைகள்தான் வேண்டாம்.

ஒரு விஷயத்தை இரண்டு அணியும் சேர்ந்து பார்க்க மறுக்கின்றன. கடந்த பல ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கண்மாய்களிலும் வரத்துக்கால்களிலும் உண்மையில் மண்வெட்டி போட்டது யார்? 2005இல் சட்டமான நூறு நாள் வேலையின் பெண்கள். இங்கே அந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். வெயிலில் முள் வெட்டி, கரைக்கு மண் சுமந்தார்கள். குடிமராமத்து என்று ஏதாவது இன்று உயிரோடு இருந்தால் அது அவர்கள்தான். அவர்களை நாம் எப்படிப் பேசினோம்? 'மரத்தடியில உக்காந்து பேசிட்டுக் காசு வாங்குறாங்க', 'வயல் வேலைக்கு ஆள் கிடைக்கல'. முன்னோரின் ஏரி பற்றி ரீல் போட்ட அதே கணக்கில் அடுத்த ரீல் நூறு நாள் வேலைப் பெண்கள் பற்றிய கேலி. இறந்துபோன, முகம் தெரியாத உழைப்பாளி என்றால் வீரன். உயிரோடு நம் கண்முன் சம்பளம் கேட்கிற உழைப்பாளி என்றால் சோம்பேறி.

முதல் வேலையாக நான் கேட்பது சின்னது. ஒவ்வொரு கண்மாய்க்கும் மடைப் பணியாளர் என்று ஒருவர், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியும், மாதச் சம்பளத்தோடு, வருங்கால வைப்பு நிதியோடு. மின்வாரியத்தில் வயர்மேன் இருக்கிறார், குடிநீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர் இருக்கிறார். ஊரின் மொத்தச் சோற்றுக்குமான தண்ணீரைத் திறந்து மூட மட்டும் ஏன் களத்துக் களமாய்ப் போய் நிற்கும் ஒருவர் வேண்டும்? எங்கள் கண்மாயில் புதிதாக வைத்த இரும்பு ஷட்டரின் கைப்பிடி இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மழை பெய்தால் கல்லைப் போட்டு அடைக்கிறார்கள், வேண்டும்போது கடப்பாரையால் நெம்புகிறார்கள்.

அடுத்தது, யார் பேசலாம் என்பது. 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் வாக்கு நிலம் உள்ளவர்களுக்கு. கண்மாயில் மீன் பிடிப்பவருக்கு இல்லை, ஆடு மாடு தண்ணீர் காட்டுபவருக்கு இல்லை, கரைக்கு மண் சுமந்த, பட்டாவில் பெயர் இல்லாத பெண்ணுக்கு இல்லை. உத்திரமேரூரில் கேட்டது கால் வேலி, இங்கே ஒரு சென்ட் இருந்தாலும் சரி என்று இறங்கி வந்திருக்கிறோம், ஆயிரத்து நூறு வருடத்தில் கிடைத்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு ஏதோ ஒரு ஊர் இருக்கும், பொங்கலுக்குப் போவீர்கள். ஜனவரி 26 அன்று கிராம சபை நடக்கும். பொங்கலோடு திரும்பிவிடாமல் அதற்கும் இருங்கள், அல்லது ஆகஸ்ட் 15க்குப் போங்கள். கண்மாய் மீன்பாசிக் குத்தகைப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது, அதில் எவ்வளவு கண்மாய்க்குத் திரும்புகிறது என்று கேளுங்கள். போன மழையில் மடையைத் திறந்தது யார், அவருக்கு யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வியை எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் போன வருடம் எழுத வைத்தோம். தலைவர் முறைத்தார், எழுத்தர் இரண்டு முறை பேனா எழுதவில்லை என்றார், பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா தன் பேனாவைக் கொடுத்தனுப்பினார்.